பூ இருக்கு, குட்டிச் செடி இல்லை: வீட்டுப் பின்னாடி காட்டுத் துண்டில் டிரில்லியம் (ஓரிகன்)

பிரிவு: தாவரங்கள் › காட்டுச் செடிகள்

செல்வி_பீவர்ட்டன் · ஏப்ரல் 4

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படிக்க மட்டும்தான் வந்துட்டிருந்தேன், இது என் முதல் இழை.

நாங்க இருக்கறது அமெரிக்காவுல ஓரிகன், போர்ட்லேண்டை ஒட்டின பீவர்ட்டன். எங்க குடியிருப்புக்கும் அடுத்த குடியிருப்புக்கும் நடுவுல நாலு ஏக்கர் சுமார் ஒரு காடு மிச்சமிருக்கு. மேலே டக்ளஸ் ஃபிர், கீழே இடுப்பளவு பெரணி. மார்ச் கடைசியில டிரில்லியம் பூக்க ஆரம்பிச்சுடும். தண்டு மேல மூணு இலை, அதுக்கு நடுவுல மூணு இதழ்ல ஒரே ஒரு வெள்ளைப் பூ. நாளாக ஆக அது இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி வாடும். ஃபோட்டோ இணைச்சிருக்கேன்.

விஷயம் இதுதான். எங்க குடியிருப்புச் சங்கம் காட்டுக்கு நடுவால பன்னிரண்டு அடி அகலத்துக்குத் தார் போட்ட நடைபாதை, விளக்குக் கம்பத்தோட போடலாம்னு பேசிட்டிருக்கு. "ஏழெட்டு மரம்தான் போகும், பூச்செடி இருக்கற இடத்தைத் தொடமாட்டோம்"ங்கறாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். நான் பார்க்கறது எல்லாமே பூக்கிற பெரிய செடிதான். சின்னதுன்னு ஒண்ணுகூடக் கண்ணுல படலை. இது சகஜமா?

தஞ்சைத்_தரணி · ஏப்ரல் 4

படம் அருமை சகோதரி. பூ பூக்குதுல்ல, அப்புறம் என்ன கவலை? காடு தன்னைத் தானே பார்த்துக்கும்.

தாவரப்பித்தன் · ஏப்ரல் 4

செல்வி, உங்கள் சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது டிரில்லியம் ஓவேட்டம், அமெரிக்க மேற்குக் கரையோரக் காடுகளின் செடி. நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். விதை கோடையில் உதிரும். அடுத்த வசந்தத்தில் மண்ணுக்கடியில் வேர் மட்டும் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த வசந்தத்தில்தான் புல் போல ஒரு மெல்லிய வித்திலை தலைகாட்டும். பிறகு சில ஆண்டுகள் ஒற்றை இலை. அப்புறம் மூன்று இலை, பூ கிடையாது. பூக்கவே பத்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பூக்கத் தொடங்கிய செடி பல பத்தாண்டுகள் வாழும். கிழங்கிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பெருகுவதும் அரிது, ஆக அடுத்த தலைமுறைக்கு விதைதான் வழி.

ஆகவே இந்தச் செடி விஷயத்தில் பூவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்று பூப்பது உங்கள் குடியிருப்பு கட்டுவதற்கு முன்பே முளைத்த செடியாக இருக்கலாம். ஊரில் பெரியவர்கள் எல்லோரும் நலம், பள்ளிக்கூடத்தை மட்டும் பிள்ளை இல்லை என்று மூடிவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தமோ அதுதான் இங்கேயும்.

இதே செடியை, இதே கேள்வியோடு, எரிக் ஜூல்ஸ் என்ற ஆய்வாளர் தென்மேற்கு ஓரிகனின் சிஸ்கியூ மலைகளில் பார்த்தார். 1998இல் வெளிவந்தது. பழங்காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களையும், வெட்டாமல் மிச்சம் விட்ட காட்டுத் துண்டுகளையும் ஒப்பிட்டார். வெட்டிய இடத்தில் செடிகள் ஏறக்குறைய எல்லாமே, நூற்றுக்கு 97க்கும் மேல், செத்துப்போயிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். வெட்டாத துண்டுக்குள் கண்டதுதான் முக்கியம். வெட்டின விளிம்பிலிருந்து ஏறத்தாழ 65 மீட்டர் உள்ளே வரைக்கும், பக்கத்துக் காட்டை வெட்டிய நாளிலிருந்து புதுக் கன்று கிட்டத்தட்ட வரவே இல்லை. அங்கே மரத்தையும் யாரும் தொடவில்லை, பூச்செடியையும் தொடவில்லை.

உங்கள் சங்கத்தார் சொல்கிற அதே வாக்கியம்.

செல்வி_பீவர்ட்டன் · ஏப்ரல் 4

படிச்சதும் வயித்தைக் கலக்கிடுச்சு சார். ஆனா ஒண்ணு புரியலை. வெட்டின நாளிலிருந்து கன்று வரலைன்னு எப்படிச் சொன்னாங்க? அத்தனை வருஷமா யாராவது எண்ணிட்டே இருந்தாங்களா?

தாவரப்பித்தன் · ஏப்ரல் 5

நல்ல கேள்வி. செடியே கணக்கு எழுதி வைத்திருக்கிறது. டிரில்லியத்தின் கிழங்கு மண்ணுக்குள் கிடைமட்டமாக, வருஷத்துக்குக் கொஞ்சமாக நீளும். குளிர்காலத்தில் நின்று மறுபடி வளரும்போது ஒவ்வொரு ஆண்டும் அதில் ஒரு சுருக்கம் விழும். மண்ணைப் பக்குவமாக விலக்கி அந்தச் சுருக்கங்களை எண்ணினால் வயது தெரிந்துவிடும். எல்லாச் செடிக்கும் வயது தெரிந்தால், எந்த ஆண்டிலிருந்து பிறப்பு நின்றது என்பதும் தெரியும். விளிம்பில் காடு வெட்டிய ஆண்டோடு அது பொருந்தி நின்றது.

நீங்கள் தோண்டிப் பார்க்க வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை!

கன்று ஏன் வரவில்லை என்பதையும் ஜூல்ஸ் விடவில்லை. பெவர்லி ராத்கேயுடன் சேர்ந்து அடுத்த ஆண்டே காரணங்களை எழுதினார். விளிம்புச் செடிகள் வைத்த விதையே குறைவு, மகரந்தம் போதுமான அளவு வந்து சேராததால். வைத்த விதையையும் எலி தின்றுவிடுகிறது. மான்எலி என்று அங்கே ஒன்று உண்டு, காடு வெட்டிய வெளியில் அது பெருகும், விளிம்பு தாண்டி உள்ளேயும் வந்து மேயும். 2003இல் ஜூல்ஸும் இடம்பெற்ற இன்னொரு குழு எலி எண்ணிக்கையையும் விதை இழப்பையும் சேர்த்துப் பார்த்து அதையே சொன்னது.

எலி தின்னாவிட்டால் விதை எங்கே போகும் என்று கேட்பீர்கள். அங்கேதான் எறும்பு வருகிறது. டிரில்லியம் விதை ஒவ்வொன்றிலும் வெளிர்நிறத்தில் ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும், துணுக்கைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போட்டுவிடும். விதைக்கு அது நல்ல இடம். குளவிகூட இந்த வேலையைச் செய்வதை ஜூல்ஸ் பதிவு செய்திருக்கிறார். எறும்பும் குளவியும் வருவதற்குள் எலி முந்திக்கொண்டால் கதை முடிந்தது.

கொடைக்_காற்று · ஏப்ரல் 5

65 மீட்டர் என்றால் இரு பக்கமும் சேர்த்து 130. நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 127 மீட்டர்தான் வருது. அப்போ விளிம்போட தாக்கம் எட்டாத உள்காடே இல்லையே?

தாவரப்பித்தன் · ஏப்ரல் 5

கணக்கு சரி. பத்து ஹெக்டேர் சதுரத்துக்குப் போட்டுப் பாருங்கள், பக்கம் 316 மீட்டர், விளிம்பு போக உள்ளே நிற்பது மூன்றரை ஹெக்டேர்தான். செல்வி ஊரிலேயே டுவாலட்டின் ஹில்ஸ் இயற்கைப் பூங்கா இருக்கிறது, 222 ஏக்கர், அதாவது 90 ஹெக்டேர். அது சரியான சதுரமாக இருந்தால் முக்கால் பங்கு உள்காடு. பரப்பு சுருங்குவதைவிட வேகமாக உள்காடு சுருங்குகிறது. துண்டு நீளவாக்கில் இருந்தால் இன்னும் மோசம்.

ஆனால் 65ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது மொட்டையாக வெட்டிய வெளிக்குப் பக்கத்தில் அளந்தது. வீடும் தோட்டமும் இருக்கிற விளிம்பு வேறு மாதிரி நடக்கும். அளப்பது எதை என்பதைப் பொறுத்தும் மாறும். தென் வாஷிங்டனின் டக்ளஸ் ஃபிர் பழங்காடுகளில் ஜிகுவான் சென், ஜெரி ஃபிராங்க்ளின் குழு காற்றும் ஈரப்பதமும் பார்த்தது. சில விஷயங்களில் வெட்டவெளியின் தாக்கம் 240 மீட்டர் உள்ளே வரை போனது.

பிட்ஸ்பர்க்_பாலு · ஏப்ரல் 5

எல்லாம் சரிங்க, ஆனா நான் கொஞ்சம் முரண்படறேன். எங்க பென்சில்வேனியாவுல பூவுக்கு எமன் துண்டாடல் (காட்டைத் துண்டுதுண்டா வெட்டறது) இல்லை, மான்! வெள்ளைவால் மான். எங்க பக்கத்து டிரில்லியம் கிராண்டிஃப்ளோரம்னு பெரிய வெள்ளைப் பூ. மானுக்கு அது அல்வா. பூவோட இலையையும் சேர்த்து ஒரே கடி. அந்த வருஷம் அப்புறம் இலை வராது, கிழங்குக்குச் சோறு போட ஆள் இல்லை. அடுத்த வருஷம் செடி சின்னதா வரும், அதையும் கடிக்கும். கடைசியில பூக்கவே தெம்பு இல்லாம ஒத்தை இலைக்குத் திரும்பிடும்.

அலிகெனி தேசியக் காட்டுல ஹார்ட்ஸ் கன்டென்ட்னு ஒரு பழங்காடு, கோடாலியே படாதது. 1929ல அங்க தரைச் செடிகளைக் கணக்கெடுத்தாங்க, 1995ல திரும்ப எடுத்தாங்க. பாதிக்கு மேல இனங்களைக் காணோம். மரத்துல எந்தக் குறையும் இல்லை. அங்க என்ன துண்டாடல்? வேலி போட்டு மானை வெளிய நிறுத்தின இடத்துல பாருங்க, பூ திரும்புது.

தாவரப்பித்தன் · ஏப்ரல் 5

பாலு சொல்வதில் மறுக்க ஒன்றும் இல்லை, ஒரு வரி தவிர. மான் அவ்வளவு பெருகியதே ஏன்? ஓநாயும் பூமாவும் போனது ஒரு காரணம். இன்னொன்று, காடும் வெட்டவெளியும் மாறிமாறி வருகிற நிலம் மானுக்கு மிகவும் தோதானது. மறைய மரம், மேய வயல். விளிம்பு கூடக்கூட மானும் கூடும். ஹார்ட்ஸ் கன்டென்ட் கோடாலி படாததுதான், ஆனால் அது நூறு ஏக்கரைக் கொஞ்சம் தாண்டிய சின்ன இடம். சுற்றிலும் பெருகின மான் அங்கே விருந்துக்கு வருகிறது.

மான் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. நியூயார்க் மாநிலம் இத்தகா பகுதியில் மார்க் வெல்லண்டும் மற்றவர்களும் மான் புழுக்கையைப் பொறுக்கிப் பார்த்தார்கள், 2003இல் எழுதினார்கள். உள்ளே முளைக்கும் நிலையில் டிரில்லியம் விதை! எறும்பு நகர்த்துவது பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர். மான் வயிற்றில் போனால் கிலோமீட்டர் கணக்கு.

இதனால் ஒரு பழைய புதிருக்கும் விடை கிடைக்கிறது. அதே கிழக்குக் காடுகளில் அசாரம் கனடென்சே என்று ஒரு தரைச்செடி, அதற்கும் எறும்புதான். எறும்பு அதன் விதையை அதிகபட்சம் இழுத்துப் போனது 35 மீட்டர். பனியுகம் முடிந்து 16,000 ஆண்டில் அந்த வேகத்தில் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான் வடக்கே போயிருக்க முடியும். போயிருப்பதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். எப்போதோ ஒரு முறை ஏதோ ஒரு விலங்கு தூக்கிப் போயிருக்க வேண்டும். இன்றைக்கு நடுவில் நெடுஞ்சாலையும் சோள வயலும் கிடக்கும்போது அந்த எப்போதோ ஒரு முறை இன்னும் எவ்வளவு அபூர்வமாகும் என்று பாருங்கள்.

பிட்ஸ்பர்க்_பாலு · ஏப்ரல் 5

தின்னவனே தூக்கிட்டும் போறான். சரிதான்.

மின்னசோட்டாவுல இருக்கற என் நண்பன் வேற ஒண்ணு சொல்றான். அங்க காட்டுப் பூவுக்கு எதிரி மண்புழுவாம். நான் சிரிச்சுட்டேன். உண்மையா?

கரிசல்_விவசாயி · ஏப்ரல் 6

தம்பி, விளையாடாதீங்க. மண்புழு இல்லாத மண்ணு செத்த மண்ணு. நாங்க உரம் போட்டு, சாணி போட்டு, தவமிருந்து வரவழைக்கிறோம். அது பூவுக்கு எதிரியா?

தாவரப்பித்தன் · ஏப்ரல் 6

ஐயா, உங்கள் நிலத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. மின்னசோட்டாவில் நடந்தது வேறு. பனியுகத்தில் அந்த நிலமெல்லாம் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. பனி உருகிக் காடு வந்தது, மண்புழு வரவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புழுவே இல்லாமல் இலைச்சருகு மக்கி மக்கி மெத்தை போட்டுக்கொண்டது. தரைப்பூக்கள் விதை போடுவதும் வேர் விடுவதும் அந்தச் சருகு மெத்தையில்தான். பிறகு ஐரோப்பியர் கொண்டுவந்த செடித்தொட்டி மண்ணிலும், தூண்டிலுக்கு வாங்கின புழு டப்பாவிலும் மண்புழு ஏறி வந்தது. அது மெத்தையைச் சில ஆண்டில் தின்று மண்ணைக் காட்டிவிடுகிறது. சாலையும் ஏரிக்கரை வீடும் காட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கிருந்துதான் உள்ளே பரவுகிறது. புழுவைத் துண்டாடலின் கூட்டாளி என்று சொல்லலாம்.

செல்வி, உங்கள் ஊர் அந்தப் பனிக்கு வெளியே. ஓரிகனுக்குச் சொந்த மண்புழுவே உண்டு. உங்கள் வில்லாமெட் பள்ளத்தாக்கில் ஒரு மீட்டர் நீளத்துக்கும் மேல் போகிற, அல்லிப் பூ வாசனை வீசுகிற ராட்சத மண்புழு பதிவாகியிருக்கிறது. அதைப் பார்ப்பதே குதிரைக்கொம்பு.

கரிசல்_விவசாயி · ஏப்ரல் 6

ஒரு மீட்டரா! அப்ப சரி, ஒத்துக்கறேன். பனி கிடந்த மண்ணைப் பத்தி எனக்கென்ன தெரியும். ஆனா தொட்டி மண்ணுல ஏறி வந்ததுன்னு சொன்னீங்களே, அதைக் கேட்டு என் மகன்கிட்ட சொல்லிட்டேன், நர்சரிச் செடியைக் காட்டோரம் வைக்காதேன்னு.

நெறியாளர் · ஏப்ரல் 6

மண்புழு பற்றிய மற்ற பதிவுகளை 'மண்' பிரிவில் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே பூவோடு நிற்போம்.

கொடைக்_காற்று · ஏப்ரல் 6

எங்க ஊர் விஷயத்தைச் சொல்லட்டுமா? பழனி மலையில சோலைக்காடு எப்பவுமே துண்டுதுண்டாத்தான் இருக்கு. பள்ளத்துல சோலை, மேட்டுல புல்வெளி. இது இயற்கையா அமைஞ்ச துண்டு, மனுஷன் வெட்டினதில்லை. அதனால "உங்க மலையும் துண்டானதுதானே, அங்க பூ இல்லையா"ன்னு கேட்கறவங்க உண்டு. ஆனா சோலைக்கும் புல்லுக்கும் நடுவுல இருந்த பழைய விளிம்பு வேற, சோலைக்கும் வாட்டில் மரத் தோட்டத்துக்கும் நடுவுல இப்ப வந்திருக்கிற விளிம்பு வேற. செயற்கைக்கோள் படங்களை வச்சு 1973லேருந்து 2014 வரை பார்த்த ஆய்வுல, பழனி மலைப் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு. பெரும்பாலும் வாட்டில், தைலமரம், பைன், விவசாயம்.

குறிஞ்சியைச் சோலைப் பூன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நீலக்குறிஞ்சி புல்வெளிச் செடி. 12 வருஷத்துக்கு ஒரு தரம் பூத்து, விதை போட்டுட்டுச் செத்துடும். 2006, 2018, அடுத்தது 2030. சோலைக்குள்ள நிழல்ல இருக்கறது அதே குடும்பத்து வேற இனங்கள், அதுகளுக்கும் தனித்தனிக் கெடு. சார் சொன்ன டிரில்லியத்துக்கு வருஷா வருஷம் ஒரு வாய்ப்பாவது உண்டு. இதுகளுக்கு ஒரு தலைமுறைக்கு ஒரே தரம். அந்த வருஷம் பார்த்து தேனீ வரலைன்னாலோ, விதை விழற இடத்துல வாட்டில் கன்று மூடியிருந்தாலோ, மறுபடி கேட்க ஆள் இருக்காது.

சோலை ஓடையோரம் இருக்கிற காசித்தும்பை இனங்கள் இன்னொரு பக்கம். காய் முத்தினதும் தொட்டா பட்டுன்னு வெடிக்கும், எல்லாக் குழந்தையும் விளையாடினதுதான். அந்த வெடிப்புல விதை போறது சில அடி தூரம். அடுத்த சோலை அரை மைல் தள்ளி, நடுவுல தேயிலை. எப்படித் தாண்டும்?

தஞ்சைத்_தரணி · ஏப்ரல் 6

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். வெட்டின காடு ஐம்பது வருஷத்தில் திரும்ப மரமாகி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மரம் வந்தால் நிழல் வரும், நிழல் வந்தால் பூவும் வரும்தானே?

தாவரப்பித்தன் · ஏப்ரல் 6

தரணி, மரம் திரும்பி வரும். பூ வருமா என்பதில்தான் ஆய்வாளர்களே சண்டை போட்டார்கள். 1992இல் டஃபி, மையர் இருவரும் தெற்கு அப்பலாச்சிய மலைகளில் பழங்காட்டையும், வெட்டி 87 ஆண்டு வரை ஆன காட்டையும் ஒப்பிட்டு, தரைப்பூக்கள் மீண்டதற்கு அறிகுறியே இல்லை என்றார்கள். "நீங்கள் எடுத்த இடங்களே ஒப்பிடத் தகுந்தவை இல்லை, மண்ணும் சரிவும் வேறு" என்று உடனே மறுப்பு வந்தது. என் கருத்தைக் கேட்டால், மறுத்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு, அந்த ஒரு ஆய்வை வைத்துப் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் உழுத நிலம் என்று வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. வடகிழக்கு பிரான்சில் ரோமானியர் பயிர் செய்து கைவிட்ட நிலத்தில் காடு வளர்ந்து நிற்கிறது. எங்கே உழுதார்கள், எங்கே உழவில்லை என்பதை இன்றைய தரைச் செடிகளே காட்டிக்கொடுக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம்.

மறுபக்கமும் இருக்கிறது. துண்டான உடனே பூ மறைந்துவிடாது. இங்கிலாந்தின் லிங்கன்ஷையரையும் பெல்ஜியத்தின் ஃப்லாம்ஸ் பிரபான்டையும் ஒப்பிட்ட 2006 ஆய்வு ஒன்று, காடு சுருங்கி நூறு ஆண்டுக்கு மேலான பின்பும், தாங்கக்கூடிய அளவைவிட அதிகமாகச் செடிகள் பெல்ஜியத் துண்டுகளில் ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அழிவுக்கடன் என்பார்கள். போகவேண்டியது இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். நெடுங்காலம் வாழும் செடிகளில்தான் இந்தக் கடன் ஏறும். "பூக்குதே" என்று நாம் நிம்மதியாக இருப்பதும் அந்தச் செடிகளை வைத்துத்தான்.

எல்லா இடத்திலும் எலிதான் காரணம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேசிலின் மனௌஸ் நகருக்கு வடக்கே 1979இல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய துண்டுக்காட்டுச் சோதனையில், எமிலியோ புருனா ஹெலிகோனியா விதைகளைத் தாமே விதைத்துப் பார்த்தார். நம்மூர்த் தோட்டங்களில் வைக்கிற ஹெலிகோனியாவின் உறவுக்காரச் செடிதான். தொடர்காட்டில் முளைத்ததைப் பார்க்கிலும் துண்டுகளில் முளைப்பு மூன்றிலிருந்து ஏழு மடங்கு குறைவு. அங்கே விதை போய்ச் சேர்ந்தும் முளைக்கவில்லை. காட்டுக்குக் காடு முடிச்சு விழும் இடம் வேறு.

செல்வி_பீவர்ட்டன் · ஏப்ரல் 7

சார், கடையில டிரில்லியம் கிழங்கு விக்கறாங்க. வாங்கி நட்டா ஆகாதா? இல்லை, நானே விதை எடுத்துத் தூவட்டுமா?

தாவரப்பித்தன் · ஏப்ரல் 7

கிழங்கு வேண்டாம். விதையிலிருந்து பூக்கும் நிலைக்குக் கொண்டுவர நர்சரிக்குப் பல வருஷம் செலவாகும். மலிவாக விற்கிறார்கள் என்றால் ஏதோ ஒரு காட்டிலிருந்து தோண்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு காட்டைக் காலி செய்து இன்னொன்றை நிரப்புவதில் என்ன இருக்கிறது?

விதை தூவலாம், அது சங்கத்து நிலம் என்பதால் அனுமதி கேட்டுவிட்டு. ஜூன், ஜூலையில் காய் பழுத்து மெத்தென்று ஆகும்போது எடுத்து, காயவிடாமல் அன்றைக்கே சருகுக்கு அடியில் போட வேண்டும். காய்ந்தால் முளைப்பது இன்னும் தாமதமாகும். ஆனால் எலி அதே எலிதான், தரையை மூடுகிற ஐவிக் கொடி இருந்தால் அதுவும் தடைதான். முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பார்க்கும் முறை: பூக்கும் செடியைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் மண்டியிட்டுத் தேட வேண்டும். நின்றபடி பார்த்தால் தெரியாது. ஒற்றை இலைக் கன்று, மூன்று இலை இருந்தும் பூ இல்லாதது, பூ உள்ளது என மூன்றாகப் பிரித்து எண்ணி, வேலியிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். கிளறவும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம்.

செல்வி_பீவர்ட்டன் · ஏப்ரல் 13

பார்த்துட்டேன்! நானும் பொண்ணும் முழங்காலுக்கு ஒரு பழைய யோகா பாயைப் போட்டு, டேப் வச்சு, வேலியிலேருந்து உள்ளே போனோம்.

வேலியோரம் ஐவி தரையே தெரியாம மூடியிருக்கு. அதுக்குள்ள பெரிய டிரில்லியம் தலையை நீட்டிப் பூத்திருக்கு, சுத்தி ஒண்ணும் இல்லை. கொஞ்சம் உள்ளே ஐவி இல்லாத இடத்துலயும் பெரிசு மட்டும்தான். விட்டுடலாம்னு நினைச்சப்ப, காட்டோட நடுவுல ஒரு பள்ளம், அதுல ஒரு பெரிய ஃபிர் மரம் விழுந்து மக்கிக் கிடக்கு, கையை வச்சா ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குது. அதோட நிழல் பக்கம் என் பொண்ணுதான் முதல்ல பார்த்தா. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒத்தை இலை. ஒண்ணைப் பார்த்ததும் கண்ணு பழகிடுச்சு, பக்கத்துல வரிசையா இருக்கு. பூ இல்லாத மூணு இலைச் செடியும் அங்கதான். வேற எங்கயும் இல்லை.

நடைபாதை வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கோடு நேரா அந்தப் பள்ளத்து வழியாத்தான் போகுது. பெரிய பூச்செடி இல்லாத இடம்னு அவங்க அதைத் தேர்ந்தெடுத்திருக்காங்க.

பிட்ஸ்பர்க்_பாலு · ஏப்ரல் 13

அக்கா, இதைப் படிச்சதும் கோபம் வந்துடுச்சு. பாதையே வேண்டாம்னு கொடி பிடிங்க. இங்கிருந்து நாங்க மனு எழுதித் தர்றோம்.

தாவரப்பித்தன் · ஏப்ரல் 13

கொடி பிடித்தால் "நாலு ஏக்கர்ல உள்காடே இல்லைன்னு உங்க ஆளே சொல்றாரே, அப்புறம் எதைக் காப்பாத்தறீங்க" என்று என் கணக்கையே உங்கள் மேல் திருப்புவார்கள். 65 மீட்டர் சிஸ்கியூவின் எண். இந்தக் காட்டில் கன்று எங்கே வருகிறது என்பதை இப்போது நீங்களே எண்ணி வைத்திருக்கிறீர்கள், கூட்டத்தில் அதைப் பேசுங்கள்.

நான் கேட்கச் சொல்வது பாதையை இடம் மாற்றத்தான். வேலியை ஒட்டின ஐவிப் பட்டை ஏற்கெனவே விளிம்பு, அங்கே கன்று வருவது நின்றுபோயிற்று. பாதை அங்கே போனால் புதிதாக விளிம்பு உண்டாகாது, ஐவியும் அந்த வேலையோடு போகும். அகலத்தைக் குறைத்து, மேலே கிளைகள் சேர்ந்திருக்கும்படி விட்டால் இன்னும் நல்லது. நடுவில் பன்னிரண்டு அடி திறந்தால் நாலு ஏக்கர் காடு இரண்டு ஏக்கர் காடு இரண்டாகிவிடும், கன்று வருகிற ஒரே இடத்தில்.

செல்வி_பீவர்ட்டன் · ஏப்ரல் 14

வேலியோரம் போட்டா செலவும் குறையும்னு என் வீட்டுக்காரர் சொல்றார், விளக்குக்கு மின்கம்பி அந்தப் பக்கம்தான் இருக்கு. கூட்டத்துல பூவுக்கு முன்னாடி அதைத்தான் சொல்லப் போறேன். ஐவியை எப்ப எடுக்கலாம்? இப்பவே ஆள் சேர்க்கட்டுமா?

தாவரப்பித்தன் · ஏப்ரல் 14

இப்போது வேண்டாம். பத்து பேர் ஏப்ரலில் உள்ளே இறங்கினால் ஐவியோடு ஒற்றை இலைகளும் போகும். கோடைக் கடைசிக்குள் டிரில்லியத்தின் இலை வாடி மண்ணுக்குள் போய்விடும். அக்டோபர் மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும், அப்போது வேரோடு வரும். பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். ஐவியை ஓரிகனில் விற்பதற்கே தடை இருக்கிறது, ஆக எடுப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பள்ளத்தைச் சுற்றி இப்போதே நாலு குச்சி நட்டு நாடா கட்டிவிடுங்கள், இலை மறைந்த பிறகு இடம் தெரியாது.

கரிசல்_விவசாயி · ஏப்ரல் 14

அந்த மக்கின மரத்தை யாரும் விறகுக்கு எடுத்துட்டுப் போயிடாம பார்த்துக்கம்மா. சுத்தம் பண்றேன்னு வர்றவங்க முதல்ல அதைத்தான் தூக்குவாங்க.